ஆறு கோப்பைக்கு மூன்று உறை

1.

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கனவில் வரவில்லை, ஆழ்மனதிலிருந்து ஊறவில்லை. ஆறு பக்கம், முப்பத்திரண்டு கேள்வி, இடது ஓரத்தில் கோப்பில் மாட்டுவதற்கு இரண்டு ஓட்டை. தலைப்பு: "பெண் தொழில்முனைவோரின் தன்னூக்கமும் பணி ஈடுபாடும்."

நான் கதை எழுதிப் பிழைப்பவள் இல்லை. ஓர் ஆய்வு நிறுவனத்துக்காகப் படிவங்களைத் தூக்கிக்கொண்டு, சொந்தமாகத் தொழில் நடத்தும் பெண்களிடம் போய், கேள்வி கேட்டு, கட்டங்களில் டிக் போட்டு வருவதுதான் என் வேலை. கதையும் எழுதுவேன். கடைசியாக ஒன்றை முடித்து நான்கு வருஷம் ஆகிறது. ஆனாலும் வீட்டில் எல்லோரும் என்னை இன்னும் "கதை" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடை மூடியபின்னும் பெயர்ப்பலகை தொங்குகிற மாதிரி.

மொத்தம் நாற்பது பேரிடம் கேட்க வேண்டும். முப்பத்தொன்பது முடிந்தது. நாற்பதாவதுக்கு ஆள் அகப்படாமல் நான்கு நாள் அலைந்துவிட்டுக் கடைசியில் வீட்டுக்குள்ளேயே கைவைத்தேன். என் அண்ணி பதினோரு வருஷமாக அட்டைப்பெட்டிப் பட்டறை நடத்துகிறார்.

(அண்ணியை "அவர்" என்றும் அண்ணனை "அவன்" என்றும் எழுதப்போகிறேன். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம், அண்ணனே அதற்குப் பழகிவிட்டான்.)

2.

முதல் தொடக்கம்: "விடியலுக்கு முன்பே எழுந்து, கண்களில் கனவுகளோடு அவர்"

வேண்டாம். அண்ணி ஏழரைக்கு முன் எழுந்து நான் பார்த்ததில்லை. எழுந்த பின்னும் அரை மணி நேரம் கண்களில் தூக்கம்தான் இருக்கும்.

இரண்டாம் தொடக்கம்: "குடும்பத்தின் சுமை முழுவதும் அவர் தலையில் விழுந்த அந்த நாளில்"

இதுவும் ஆகாது. அண்ணன் நல்ல வேலையில், நல்ல உடம்போடு, பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறான். எட்டிப் பார்த்தால் வம்பு.

மூன்றாம் தொடக்கம், நடந்தது நடந்தபடி. திங்கட்கிழமை மதியம், படிவத்தின் மூன்றாம் கேள்வி.

"அண்ணி, எதுக்காக இந்தத் தொழில ஆரம்பிச்சீங்க?"

"செருப்புக் கடையில வேலை பாத்தேன்ல? அங்க வர்ற பெட்டி ஒண்ணுகூட சரியா மூடாது. மூடி ஒரு பக்கம் இழுக்கும், ஒரு பக்கம் தூக்கும். பாத்துப் பாத்து எரிச்சல் வந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஏன், உனக்குப் பத்தாதா?"

எனக்குப் பத்தவில்லைதான். ஒரு கண்ணீர், ஓர் அவமானம், யாரோ சொன்ன சுடுசொல், ஏதாவது கிடைக்கும் என்று பேனாவைத் திறந்துவைத்திருந்தேன். படிவத்துக்கும் பத்தவில்லை. குடும்பத் தேவை, சுதந்திரம், சமூக மதிப்பு, சேவை மனப்பான்மை என்று எட்டுக் கட்டங்கள் வரிசையாக இருந்தன. எரிச்சலுக்குக் கட்டம் இல்லை. ஒன்பதாவதாக இருந்த "மற்றவை"யில் டிக் போட்டேன்.

3.

இனி இடத்தைச் சொல்ல வேண்டும். வீட்டை ஒட்டி, கார் நிறுத்தக் கட்டிய ஷெட். கார் வாங்கவே இல்லை. ஷட்டரைத் தூக்கினால் இடப்பக்கம் அட்டை அடுக்குகள், வலப்பக்கம் இரண்டு இயந்திரங்கள். ஒன்று வெட்டும், இன்னொன்று மடிப்புக் கோடு போடும். நடுவில் நீள மேசை, அதைச் சுற்றி ஐந்து பெண்கள். மூத்தவர் பசை அக்கா. முதல் நாளிலிருந்து பசை பூசுவது அவர்தான். விரல் ரேகையே போய்விட்டது என்று பெருமையாகக் காட்டுவார்.

போன வாரம் இந்த ஷெட்டுக்கு ஒருவர் வந்தார். ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய அட்டைத் தொழிற்சாலையின் மேலாளர். உட்காரச் சொல்வதற்குள் அட்டை அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் பேசிய இருபது நிமிஷமும் அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அடியில் நசுங்கும் அட்டையைத்தான் பார்த்தார்.

அவர் சொன்னது நல்ல செய்திதான். பட்டறையை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அண்ணிக்கு அங்கே ஒரு பிரிவின் மேற்பார்வை, மாதச் சம்பளம், ஞாயிறு லீவு. ஐந்து பெண்களுக்கும் வேலை உண்டு. சனிக்கிழமை பதினொரு மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். சரி என்றால் இந்த ஷட்டர் ஒரேயடியாக இறங்கிவிடும்.

(கதையில் இவரை வில்லனாக்கப் பார்த்தேன். மீசையெல்லாம் வைத்தேன். ஒட்டவில்லை. வெளியே போகும்போது நசுங்கிய அட்டையைப் பார்த்து, "ஐயோ, மன்னிச்சுக்கோங்க" என்று உண்மையாகவே வருத்தப்பட்ட மனிதர் அவர்.)

அண்ணனும் வில்லன் இல்லை. "முதுகப் புடிச்சுக்கிட்டே சாப்பிட உக்கார்றா. பாக்கவே சகிக்கல. போகட்டுமே. கதை, நீயாவது எடுத்துச் சொல்லு" என்றான். அவன் குரலில் அக்கறையைத் தவிர வேறெதுவும் இல்லை. இப்படி எல்லோரும் நல்லவர்களாகிவிட்டால் கதை எழுதுகிறவள் என்னதான் செய்வது?

இந்த நிலையில்தான், அந்தத் திங்கட்கிழமை, பதினோராம் கேள்வி வந்தது. "வேலைக்குக் கிளம்பும்போது உற்சாகமாக உணர்கிறேன்: எப்போதும், பெரும்பாலும், சில நேரம், எப்போதாவது, ஒருபோதும் இல்லை." இதுவரை கேட்ட முப்பத்தொன்பது பேரும் "எப்போதும்" என்றவர்கள். கொட்டாவி விட்டுக்கொண்டே "எப்போதும்" என்றவரும் அதில் உண்டு. அண்ணி என் கையிலிருந்து பேனாவை வாங்கி, "எப்போதாவது" என்பதில் டிக் போட்டார்.

"அண்ணி, கேள்விய சரியாப் படிச்சீங்களா?"

"எனக்குப் படிக்கத் தெரியும்." பேனாவை மூடினார். "முன்னெல்லாம் ஒவ்வொரு பெட்டிக்கும் யோசிக்கணும். இப்ப அதே செருப்பு, அதே சட்டை, அதே அளவு. கை பாட்டுக்கு வேலை செய்யுது. நான் சும்மா பக்கத்துல நிக்கறேன்."

"அப்ப தொழிற்சாலைக்கே போயிடலாம்னு பாக்கறீங்களா?"

"அங்க போனா கையும் வேலை செய்ய வேணாம்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. துக்கமாக இருந்தது. அண்ணிக்காகவா, நான்கு வருஷமாக எழுதாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் எனக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பதினேழாம் கேள்விக்கு டிக் கிடையாது. "இத்தனை ஆண்டுகளாக இத்தொழிலில் உங்களை ஈடுபட வைத்தது எது?" என்று கேட்டுவிட்டு நான்கு கோடு விட்டிருந்தார்கள். "அத விடு, அப்புறம் சொல்றேன்" என்றார் அண்ணி.

4.

இந்தப் பகுதியை எழுதாமல் தாண்டிவிடலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். ஏனென்றால் இதில் குற்றவாளி நான்.

பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. எந்த அளவை எழுதினாலும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போட வேண்டும். உள்ளளவு என்றால் "உ", வெளியளவு என்றால் "வெ". அட்டைக்குக் கனம் இருக்கிறதல்லவா? வெளியே முப்பது சென்டிமீட்டர் இருக்கும் பெட்டிக்குள் முப்பது சென்டிமீட்டர் சாமான் போகாது. எழுத்துப் போடாவிட்டால் வெளியளவு என்று வைத்துக்கொண்டு வெட்டிவிடுவார்கள். அலமாரியில் அடுக்குகிற கடைக்காரர்கள்தான் அதிகம் என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. இதை இயந்திரத்துக்கு மேலேயே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை நான் அந்த மேசை ஓரத்தில் உட்கார்ந்து இந்தக் கதையின் நான்காவது தொடக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எல்லோர் கையிலும் பசை. "கதை, எடு" என்றார் அண்ணி.

பேசியவர் பீங்கான் கோப்பை செய்து விற்கும் பெண். பட்டறையில் அவர் பெயர் கோப்பையம்மா. ஆறு கோப்பை வைக்கிற பெட்டி, இருநூற்று நாற்பது, வெள்ளிக்கிழமை காலை கண்காட்சிக்கு வண்டி கிளம்புகிறது. அளவு சொன்னார். முப்பது, இருபது, உயரம் பதினொன்று. "உள்ள, சரியா?" என்று கேட்டுக்கூட வைத்தார். "சரிங்க" என்றேன். எழுதியும் வைத்தேன். அப்போது என் மனதில் ஓடிக்கொண்டிருந்த வாக்கியம் இது: "ஒரு பெட்டியின் வெறுமையை அளப்பதற்கு" அதற்குமேல் அது நகரவே இல்லை. அந்த வாக்கியம் போன போக்கில் "உ" போட மறந்துவிட்டேன்.

புதன்கிழமை வெட்டி, மடித்து, ஒட்டி, இருநூற்று நாற்பது பெட்டிகளும் சுவரோரம் அடுக்கியாகிவிட்டது. வியாழக்கிழமை கோப்பையம்மா வைக்கோல் கூடையில் மாதிரிக்கு ஆறு கோப்பைகளோடு வந்தார். ஐந்து கோப்பை இறங்கியது. ஆறாவது விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. அழுத்தினால் பெட்டியின் வயிறு உப்பியது.

அண்ணி ஸ்கேலை உள்ளே வைத்துப் பார்த்தார். பிறகு ஆர்டர் தாளை எடுத்தார். என் கையெழுத்து.

"அட்டை கனம் மூணு மில்லிமீட்டர். அதான் இடிக்குது" என்றார்.*

* பிறகு இந்த வரிக்குத் திரும்பி வருவோம்.

"நான்தான் எழுதினேன், அண்ணி. எழுத்துப் போடல."

"தெரியுது" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பசை அக்காதான், "கதை எழுதற கைக்கு ஒரு எழுத்து எழுத வரலியா?" என்றார். அடுத்த அட்டை லோடு திங்கட்கிழமைதான் வரும். கோப்பையம்மா கூடையை மடியில் வைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதமாக இந்தக் கண்காட்சிக்காகச் சூளையோடு மல்லுக்கட்டியவர். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு ஷட்டருக்கு அடியில் புகுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

5.

அண்ணி பெட்டியோடு தரையில் உட்கார்ந்தார். முதுகுவலிக்காரர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்து இரண்டு வருஷம் இருக்கும்.

கோப்பைகளை வெளியே எடுத்தார். நடுவில் நிற்கும் தடுப்பு அட்டைகளை உருவினார். திரும்ப வைத்தார். தடுப்பு இல்லாமல் மட்டுமட்டாக இறங்கியது, ஆனால் ஒன்றோடொன்று உரசியது. பீங்கான் உரசினால் வண்டியிலேயே உடைந்துவிடும். மறுபடி எடுத்தார். ஒரு கோப்பையைக் கையில் உருட்டினார். காதில்லாத கோப்பை, வாய் அகலம், அடி குறுகல். கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் இன்னொன்றை நிமிர்த்தி வைத்தார். ஒன்றின் அகல வாய்க்குப் பக்கத்தில் மற்றதன் குறுகிய அடி. நடுவில் விரல் நுழைகிற இடம் கிடைத்தது.

"ஏய்" என்றார். எங்களை அல்ல, கோப்பையை.

ஒன்று நிமிர்த்தி, ஒன்று கவிழ்த்து, ஆறையும் வைத்தார். இடம் மிச்சம். இப்போது உரசாமல் இருக்க அலை அலையாக மடிந்த மெல்லிய தாளை உறைபோல ஒவ்வொன்றுக்கும் சுற்ற வேண்டும். பசை அக்கா மனக்கணக்குப் போட்டார். "இருநூத்தி நாப்பது பெட்டி, பெட்டிக்கு ஆறு உறை. நாளைக்குக் காலைக்குள்ள ஆகாது தாயே."

அண்ணி கவிழ்ந்தவற்றை விட்டுவிட்டு, நிமிர்ந்து நின்ற மூன்றுக்கு மட்டும் உறை போட்டார். பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினார். சத்தமே இல்லை.

"மூணுக்குப் போட்டாப் போதும்!" என்று கத்தினார். "பாருங்க! நிமிந்தது பக்கத்துல எப்பவும் கவுந்ததுதான் இருக்கும். ரெண்டுல ஒண்ணுக்கு உறை இருந்தாப் போதும்ல? ஆறுக்கும் வேணாம், மூணு போதும்!"

அந்த முகத்தை எழுத வேண்டும். எழுத வரவில்லை. நான்கு முறை எழுதி அடித்துவிட்டேன். சந்தோஷம் என்று சொன்னால் போதாது, பெருமை என்றால் தப்பு. கல்யாண ஆல்பத்தில்கூட அண்ணி அப்படி இல்லை, அவ்வளவு மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நாங்கள் எல்லோரும் அங்கே இருப்பதையே மறந்துவிட்டு, பெட்டியை இன்னொரு தரம் குலுக்கிப் பார்த்தார். மேசைமேல் அவர் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. திரையில் தொழிற்சாலை மேலாளரின் பெயர். அண்ணிக்குக் கேட்கவே இல்லை.

பொழுது சாயுமுன் முக்கால்வாசி உறை தயார். கோப்பையம்மாவும் உட்கார்ந்து சுற்றினார். நானும் சுற்றினேன், பசை அக்காவின் கண்காணிப்பில்.

6.

இங்கே கதையை முடித்திருக்கலாம். எந்தப் பத்திரிகையும் வாங்கிக்கொள்ளும். வாடிக்கையாளரின் கண்ணீர், தொழிலாளியின் மேதைமை, இழந்த ஊக்கம் திரும்பி வந்தது, சுபம்.

ஆனால் வெள்ளிக்கிழமை என்று ஒன்று வந்தது. கோப்பை வண்டி கிளம்பிப் போனபின் மறுபடி செருப்புப் பெட்டி. அதே அளவு, அதே மடிப்பு. அண்ணி முதுகைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். கை பாட்டுக்கு வேலை செய்தது. நான் ஆசையோடு முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரு மதியம் வந்ததால் பதினோரு வருஷச் சோர்வு போய்விடும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். போகவில்லை.

அதனால் முடிவுகளைத் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அண்ணி "இல்லை" என்கிறார். செருப்புக் கடைகளைக் குறைத்துக்கொண்டு, கோப்பையம்மா மாதிரி வித்தியாசமான சாமான் செய்கிறவர்களைத் தேடிப் போகிறார். அப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? எனக்குத் தெரியாது. முதுகு என்ன ஆகும்? அதுவும் தெரியாது.

இரண்டு: "சரி" என்கிறார். முதுகு தேறுகிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அவரும் சினிமாவுக்குப் போகிறார்கள். தொழிற்சாலையில் ஒருநாள் ஏதோ ஒரு பெட்டிக்குள் சாமான் போகவில்லை. அண்ணி கையை நீட்டுகிறார். "அதுக்கு டிசைன் பிரிவு இருக்கு மேடம்" என்கிறார்கள். அண்ணி கையை எடுத்துக்கொ

(இதை முடிக்கவில்லை. அழுகை வந்துவிட்டது. கற்பனைக்கு அழுவது கதை எழுதுகிறவளுக்குச் சகஜம். ஆனால் இரண்டாவது முடிவில் அண்ணியின் முதுகு தேறியிருக்கிறதே, அதற்கு ஏன் நான் சந்தோஷப்படவில்லை? இதை அண்ணன் படித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பான்?)

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை.

7.

சனிக்கிழமை, பத்தே முக்கால். இதுவரை எழுதியதை அண்ணியிடம் கொடுத்தேன். அவரைப் பற்றி எழுதியதை அவர் பார்க்காமல் வெளியே விடுவது தப்பு என்று தோன்றியது. காதுக்குப் பின்னால் இருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, மேசைமேல் தாள்களைப் பரப்பிப் படித்தார். நான் நகத்தைக் கடித்தேன். எரிச்சலைப் பற்றிய இடம் வந்தது, தாண்டினார். "எப்போதாவது" வந்தது, தாண்டினார். கல்யாண ஆல்பம் வந்தபோது மட்டும் "உம்" என்றார். தொழிற்சாலையில் கையை நீட்டுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அதையும் தாண்டினார். பிறகு நான்காம் பகுதிக்குத் திரும்பிப் போய் ஒரே ஒரு இடத்தில் பென்சிலை வைத்து அடித்தார்.

"அட்டை கனம் மூணு மில்லிமீட்டர்னு நான் சொல்லல. கனம் ஒன்றரை. ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் மூணு. மூணு மில்லிமீட்டர் அட்டைல எவனாவது கோப்பைக்குப் பெட்டி போடுவானா? படிக்கறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"அண்ணி, கதை முழுக்க உங்க மனசைப் பத்தி எழுதியிருக்கேன். அதுல எதையும் மாத்த வேணாமா?"

"அது உன் கதை. நீ என்னவோ எழுதிக்க. இது என் அட்டை."

(நட்சத்திரக் குறி போட்ட வரியை நான் திருத்தவில்லை. தப்பு என்னுடையது, அது அங்கேயே இருக்கட்டும்.)

"முடிவுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்க?" என்று கேட்டார்.

"அரைப் பக்கம்."

"உள்ளளவா, வெளியளவா?"

பசை அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அந்தத் தண்டனை தேவைதான்.

போன் அடித்தது. சரியாகப் பதினொன்று. அண்ணி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து ஷட்டருக்கு வெளியே போய் நின்றார். பசை அக்கா தூரிகையைக் கீழே வைத்தார். மற்ற நால்வரும் வேலையை நிறுத்தினார்கள். இயந்திரமும் நின்றது. அதனால் அண்ணி சொன்னது உள்ளே தெளிவாகவே கேட்டது. எங்கள் ஆறு பேருக்கும் கேட்டது.

திரும்பி வந்தவர் என் கையில் பேனா இருப்பதைப் பார்த்தார்.

"அத எழுதாத" என்றார்.

"முடிவு இல்லாம எப்படி அண்ணி?"

"பதில் அந்த ஆளுக்குச் சொன்னது. உன் கதைக்குச் சொல்லல." பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "அந்தப் படிவம் இருக்கா?"

கொடுத்தேன். பதினேழாம் கேள்விக்கு விட்டிருந்த நான்கு கோட்டில், முதல் கோட்டில் மட்டும், பென்சிலால் நிறுத்தி நிதானமாக எழுதினார். எழுதிவிட்டு வெட்டும் இயந்திரத்துக்குப் போய்விட்டார். அவர் எழுதியிருந்தது இது:

"ஆறு கோப்பைக்கு மூன்று உறை போதும்."

ஆய்வு நிறுவனத்தில் இதை யாருக்கும் புரிய வைக்க முடியாது. உங்களுக்கு மட்டும்தான் புரியும். நீங்கள்தான் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். ஷட்டரை இறக்கப்போகிறவரும் இப்படி எழுதியிருக்கலாம், தூக்கி வைக்கப்போகிறவரும் எழுதியிருக்கலாம். எனக்கு விடை தெரியும். வாக்குக் கொடுத்துவிட்டேன், சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பதினேழாம் கேள்விக்குப் பக்கத்தில், விடையை எந்த வகையில் சேர்ப்பது என்று ஓர் எண் போட வேண்டும். குடும்பத் தேவை ஒன்று, சுதந்திரம் இரண்டு, இப்படியே போய் மற்றவை ஒன்பது. படிவங்களைத் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். முப்பத்தொன்பதுக்குப் போட்டுவிட்டேன், இந்த ஒன்றுக்குக் கை வரவில்லை. கட்டத்தை அப்படியே விட்டிருக்கிறேன், நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். பென்சிலால் போடுங்கள். தப்பாக இருந்தால் அண்ணி திருத்துவார்.